மெதுவாக்கா வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் உட்காருவது ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில். அவருடைய காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், ஆக்ஸிலரேட்டர் இருக்காது. வண்டியை நிறுத்தலாம், கிளப்ப முடியாது. அந்த சீட்டிலேயே பாதி ஆயுளைக் கழித்த ஒரு பெண்மணி, ஐம்பதைத் தாண்டிய பிறகு மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் பறக்க ஆசைப்பட்ட கதை இது.

அவரிடம் கார் பழகியவர்கள் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் மெதுவாக்கா. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. கியர் போட்டால் மெதுவா என்பார், திரும்பினால் மெதுவா, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே மெதுவா. காரை விட்டு இறங்கும்போது கதவைச் சாத்துவதற்கும் ஒரு மெதுவா உண்டு. என்ஜினை அணைத்துவிட்டு நடுரோட்டில் முழிப்பவர்களுக்கு மட்டும் திட்டு கிடையாது. பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து நீட்டுவார். அந்த மிட்டாயை அதிகம் தின்றவன் என்ற பெருமை எனக்கு உண்டு. இங்கே சொல்லப்போவதில் பாதி, சிக்னலில் காத்திருந்த நேரங்களில் அவர் வாயிலிருந்தே வந்தது. மீதியை அவருடைய கணவர், எனக்கு பேன்ட் அளவெடுத்துக்கொண்டே சொன்னார். கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை.

எல்லாம் லைசென்ஸ் டெஸ்ட் நடக்கும் மைதானத்தில் ஆரம்பித்தது. அங்கே ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். கசங்காத சட்டை, இறுக்கிப் பிடித்த முகம். பேசுவதில் மகா சிக்கனம். "கண்ணாடி பாத்தீங்களா?" என்று கேட்பார். நாம் யோசிப்பதற்குள் "இறங்குங்க" என்பார். அதற்கு அர்த்தம் ஃபெயில். அவரைக் கண்டால் நாங்கள் காருக்குப் பின்னால் ஒளிவோம். மெதுவாக்காவுக்கு அவரிடம் பயம் கிடையாது. பல வருடப் பழக்கம். ஆனாலும் வணக்கத்துக்கு மேல் பேச்சு போனதில்லை.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், தகரக் கொட்டகைக்குப் பின்னால் கை கழுவப் போன மெதுவாக்கா திகைத்து நின்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே தண்ணீர்த் தொட்டியின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார். இரண்டு கையும் காற்றில் எதையோ பிடித்து இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தன. உதடு "ஊஊம்" என்றது.

"சார், உடம்புக்கு ஏதாவது...?"

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். போன் தொட்டிக்குள் விழ இருந்தது, மெதுவாக்காதான் பிடித்தார். திரையில் ஒரு ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது.

பிடிபட்ட மனிதர் உண்மையைக் கக்கிவிட்டார். வீட்டில் கம்ப்யூட்டரோடு ஸ்டியரிங், பெடல், பக்கத்துக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக மூன்று ஸ்கிரீன் எல்லாம் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கூட்டமே அவரவர் வீட்டிலிருந்து இன்டர்நெட் வழியாக ஒரே பாதையில் ரேஸ் விடுகிறது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். வேகமா போனா லைசென்ஸ் தரமாட்டேன்னு சொல்ற ஆளு நான்."

மெதுவாக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எவ்வளவு வேகம் போவீங்க சார்?" என்று கேட்டார்.

அவர் சொன்னார். மெதுவாக்காவுக்குக் கை கழுவ வந்ததே மறந்துபோனது. அன்று மதிய வகுப்பில் அவர் சொன்ன மெதுவாக்களில் சுரத்தே இல்லை.

இன்ஸ்பெக்டர் தன்னுடைய பழைய ஸ்டியரிங்கையும் பெடலையும் கொடுத்தார். பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். தன் ரகசியம் தெரிந்த ஆளையும் கூட்டாளி ஆக்கிவிட்டால் வெளியே போகாது என்ற கணக்கு. மெதுவாக்காவின் மகள் வேலைக்காக வேறு ஊர் போயிருந்தாள். அவள் அறையில் அவளுடைய கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடந்தது. அதில் மாட்டி, முதல் முறையாக அவர் ஆக்ஸிலரேட்டரை அடிவரைக்கும் அழுத்தினார். முதல் வளைவிலேயே பெரும் சத்தம்.

முன்னறையில் தையல் மெஷின் நின்றது. "என்னம்மா சத்தம்?"

"செவுத்துல இடிச்சுட்டேங்க!"

மனிதர் ஊசியைப் போட்டுவிட்டு, வாசலில் நிற்கும் காரைப் பார்க்க ஓடினார். கார் நின்ற இடத்தில் நன்றாகவே நின்றது. திரும்பி உள்ளே வந்தால், மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "திரும்பவும் இடிக்கப்போறேன், பயந்துடாதீங்க" என்றார்.

ஞாயிறு ரேஸில் சேர்ந்த பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. இவரிடம் இருந்தது ஒரே ஸ்கிரீன். நேரே இருப்பது மட்டும் தெரியும். பக்கத்தில் என்ன வருகிறது என்று தெரியாது. கண்ணுக்குப் பட்டை கட்டிய குதிரை மாதிரி. வளைவு வந்தால் போதும், எங்கிருந்தோ இடப்பக்கத்தில் ஒரு கார் முளைக்கும், இவரை மணலுக்குத் தள்ளிவிட்டுப் போகும். பிறகு ஹெட்போனில் அந்தக் குரல் வரும்.

"கண்ணாடி பாத்தீங்களா மேடம்?"

வேறு யார் கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பார். ஊருக்கெல்லாம் பக்கவாட்டில் பார் பார் என்று சொல்லித் தருகிற தனக்கே பக்கவாட்டுப் பார்வை இல்லை என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று ஸ்கிரீன் வைத்தே தீருவது என்று முடிவு செய்தார்.

ஸ்கிரீன் கிடைப்பது சுலபமாக இருந்தது. டிரைவிங் ஸ்கூலுக்கு மேல் மாடியில் இருந்த ஆடிட்டர் ஆபீஸ் இடம் மாறியபோது, ஒரே மாதிரி மூன்றைப் பேசி எடுத்துவந்தார். மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக ஒயரைச் சொருகினார். முதல் ஸ்கிரீன் எரிந்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவது ஒயருக்குப் பெட்டியின் பின்னால் துளையே இல்லை. மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மா, அது நான் புராஜெக்ட் பண்ண வாங்கின கம்ப்யூட்டர். அந்தக் கார்டு ஒரு ஸ்கிரீனுக்கே மூச்சு வாங்கும். கிராபிக்ஸ் கார்டை மாத்தணும். ஆமா, எதுக்கு உனக்கு மூணு ஸ்கிரீன்?"

"பாடம் நடத்தத்தான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

எந்தக் கார்டு வாங்கலாம் என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "எதுக்கு மேடம் வீண் அலைச்சல்? இருக்கிறதே போதும். ஒரு ஸ்கிரீன்லயே நீங்க பிரமாதமா ஓட்டுறீங்க" என்றார். பிரேக்கில்தான் காலை வைத்திருக்கிறேன் என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி சத்தியம் செய்கிறவர்களோடு காலம் தள்ளுகிறவர் மெதுவாக்கா. புளுகு எந்த முகத்தில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? நேரே கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

அந்தக் கடையை இரண்டு பேர் கூட்டாக நடத்தினார்கள். மூத்தவரின் தங்கையைக் கட்டியவர் இளையவர். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்தான். கிராபிக்ஸ் கார்டு வந்து பிரித்துவிட்டது. கார்டு செய்கிற கம்பெனிகளில் ஒன்றுக்குப் பச்சை நிறம், இன்னொன்றுக்குச் சிவப்பு. மாப்பிள்ளை பச்சைக் கட்சி, மச்சான் சிவப்புக் கட்சி. கடைக்கு நடுவில் ஒரு கண்ணாடி அலமாரியை வைத்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கக்கா" என்றார் மாப்பிள்ளை. "பையனுக்கா?"

"பொண்ணுக்கு."

"என்ன வயசு?"

"அம்பத்தி மூணு."

மாப்பிள்ளை மெதுவாக்காவை மேலும் கீழும் பார்த்தார். அலமாரிக்கு அந்தப் பக்கம் மச்சான் இருமினார்.

சமாளித்துக்கொண்டு மாப்பிள்ளை ஆரம்பித்தார். "மூணு ஸ்கிரீன்னா கண்ணை மூடிட்டு பச்சைதான்க்கா. சைடு ஸ்கிரீன்ல கார் எல்லாம் இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி நீளமா தெரியும். எங்க கார்டு அதை நேராக்கிடும்."

மெதுவாக்கா தலையாட்டிவிட்டு, நிதானமாக அலமாரியைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். "ஏங்க, சைடுல ரப்பர் மாதிரி இழுக்குமாமே?"

"அந்தக் காலத்துக் கதை அக்கா! இப்ப நல்ல ரேஸ் கேம்ல அதுக்குன்னு தனி செட்டிங் இருக்கு. ஸ்கிரீனை எவ்வளவு சாய்ச்சு வெச்சிருக்கீங்கன்னு சொன்னா கேமே சரி பண்ணிக்கும். அவன்கிட்ட மெமரி எவ்வளவுன்னு கேளுங்க, பதில் வராது."

மெதுவாக்கா திரும்ப இந்தப் பக்கம் வந்தார். "மெமரி கம்மியாமே?"

"மச்சான் மெமரியைப் பத்திப் பேசுறாரா? எவ்வளவு கரன்ட் குடிக்குதுன்னு அவரைக் கேட்டீங்களா?"

இப்படி ஒரு வாரம், வகுப்பு முடிந்ததும் கடைக்குப் போய், இங்கே சொன்னதை அங்கேயும் அங்கே சொன்னதை இங்கேயும் போட்டுக்கொடுத்தே மெதுவாக்கா கிராபிக்ஸ் கார்டு சாஸ்திரம் கற்றுக்கொண்டார். கோபத்தில் இருக்கிறவர்கள் எதையும் மறைப்பதில்லை. தான் விற்கிற கார்டில் என்ன கோளாறு என்பதைப் பச்சையிடம் கேட்டால் வராது. சிவப்பிடம் கேட்டால் கொட்டும்.

அதில் தேறியது இவ்வளவு. கார்டின் வேலை படம் வரைவது. நொடிக்கு அறுபது தடவையாவது வரைய வேண்டும். குறைந்தால் வண்டி வெட்டி வெட்டி ஓடும். ஸ்கிரீன் மூன்று என்றால் படமும் மூன்று மடங்கு. மெதுவாக்காவின் ஸ்கிரீன்கள் சாதாரண ரகம் என்பதால், மூன்றையும் சேர்த்தாலும் ஒரு பெரிய 4கே டிவிக்கு வேண்டிய புள்ளிகளைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆகவே கடையிலேயே உச்சியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய கார்டு தேவையில்லை. அதற்காக அடிமட்டத்துக் கார்டும் ஆகாது. நடுவில், கொஞ்சம் மேலே. பின்பக்கம் மூன்று ஸ்கிரீனுக்கும் ஒரே மாதிரி துளை இருந்தால் நிம்மதி. மெமரி தாராளமாக இருக்கட்டும். இவற்றோடு, கரன்ட் கொடுக்கும் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும் என்பதில் மட்டும் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே குரலில் பேசினார்கள். பேசியதை உணர்ந்து இருவரும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்களாம்.

நடு ரகத்திலேயே ஒன்று சின்னது, ஒன்று அதற்கு மேல். சின்னதையே எடுத்துவிடலாம் என்று தோன்றியபோது மாப்பிள்ளை நல்ல எண்ணத்தில் ஒரு வார்த்தை விட்டார்.

"சின்னதே போதும்க்கா. வேகம் பத்தலைன்னா செட்டிங்ல கண்ணாடியைக் குறைச்சுக்குங்க. கார் கண்ணாடியில தெரியுற படத்தை வரையவே கார்டுக்குப் பாதி உயிர் போகுது. நிறைய பேர் அதை மங்கலா வெச்சுட்டுத்தான் ஓட்டுறாங்க."

மெதுவாக்கா எழுந்தே நின்றுவிட்டார். "கண்ணாடியைக் குறைக்கிறதா? யார்கிட்ட என்ன பேசுறீங்க? புல்லைக் குறைக்கிறேன். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுறேன். மேகம் வேண்டாம், நிழல் வேண்டாம். கண்ணாடி மட்டும் பளிச்சுன்னு இருக்கணும். அதுக்கு எந்தக் கார்டு?"

"அப்போ மேல இருக்கிறதுதான்" என்றார்கள் இருவரும், மறுபடியும் ஒரே குரலில்.

அதையே, புது பவர் சப்ளையோடு சேர்த்து வாங்கினார். பச்சையா சிவப்பா என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்தக் கடைக்கு நானும் போகவர வேண்டியிருக்கிறது. விலையையும் சொல்லப்போவதில்லை. அதை அவர் தன் கணவரிடமே சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து கார்டை உள்ளே வைத்தால், உட்காரவில்லை. எதிர்ப்பக்கம் போய் முட்டியது. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். எல்லாக் கேள்வியும் கேட்டவர் நீளத்தை மட்டும் கேட்க மறந்திருந்தார்.

கழுத்தில் இன்ச் டேப்போடு கணவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, நுழையலையா?"

"பேசாம போங்க, நானே கடுப்புல இருக்கேன்."

அவர் போகவில்லை. டேப்பை எடுத்துக் கார்டை அளந்தார், பெட்டியின் உள்பக்கத்தை அளந்தார். முகத்தில் ஒரு தொழில்முறை வருத்தம் வந்தது. "ஒரு இன்ச் பிடிக்குது. அளவெடுக்காம துணி வெட்டலாமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மெதுவாக்கா முறைத்தார். கணவர் அதைக் கண்டுகொள்ளாமல் பெட்டிக்குள் தலையை விட்டு, "இந்தத் தகர அடுக்கு எதுக்கு? சும்மாதானே இருக்கு?" என்று கேட்டார். பழைய காலத்து டிஸ்க் வைக்கிற கூடு அது. உள்ளே ஒன்றும் இல்லை. ஸ்குரூவைக் கழற்றியதும் கையோடு வந்துவிட்டது. "இடுப்புல பிரிச்சு விட்டாச்சு. இப்போ போடு" என்றார். கார்டு அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது.

மூன்று ஸ்கிரீனும் ஒன்றாக எரிந்தபோது மெதுவாக்கா சற்று நேரம் காரை ஓட்டவே இல்லை. இந்தப் பக்கம் ஜன்னல், அந்தப் பக்கம் ஜன்னல், இரண்டிலும் கண்ணாடி, கண்ணாடிக்குள் பின்னால் போகிற பாதை. உள்ளே உட்கார்ந்திருப்பது மாதிரியே இருந்தது. "அட" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான வளைவில் வழக்கமாக இடப்பக்கத்தில் இன்ஸ்பெக்டரின் கார் வந்தது. இந்த முறை, வருவதற்கு முன்பே இவருக்குக் கண்ணாடியில் தெரிந்தது. பிறகு பக்கத்து ஸ்கிரீனில் அதன் மூக்கு நுழைந்தது. இவர் அசையவில்லை; பாதையின் உள் ஓரத்தை விட்டுக்கொடுக்காமல் அப்படியே திருப்பினார். இடம் இருக்கும் என்று நம்பி வந்த இன்ஸ்பெக்டர் இடம் இல்லாமல் பிரேக்கை மிதித்து, சுற்றி, மணலில் போய் நின்றார்.

ஹெட்போன் கரகரத்தது. பிறகு மெல்ல ஒரு கேள்வி. "மேடம்... கார்டு வாங்கிட்டீங்களா?"

"எந்தக் கார்டு சார்?" என்றார் மெதுவாக்கா.

அந்த ரேஸில் அவர் கடைசிக்கு முந்திய இடம்தான். இன்ஸ்பெக்டர் கடைசி. அது போதுமாக இருந்தது.

இனி வருவது என் சோகம். சில வாரம் கழித்து எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். என்னோடு ஒரு நர்ஸும் ஒரு பல் டாக்டரும். மூன்று பேரும் மெதுவாக்காவின் ஆட்கள். மூன்று பேரையும் இன்ஸ்பெக்டர் இறக்கிவிட்டார். அதே கண்ணாடிக் கேள்வி, யோசிப்பதற்குள் அதே இறங்குங்க. பல் டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

மெதுவாக்கா கொட்டகைக்குள் புயல் மாதிரி நுழைந்தார். நாங்கள் வெளியே நின்று கேட்டோம்.

"ஞாயித்துக்கிழமை ரேஸ்ல தோக்கிறதுக்கு என் பசங்க மேல பழி தீர்க்கிறீங்களா சார்?"

"மெதுவா பேசுங்க மேடம், ஆளுங்க இருக்காங்க!"

மெதுவாக்காவைப் பார்த்து ஒருவர் மெதுவா என்று சொன்னதை அன்றுதான் கேட்டோம். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, எங்கள் காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். "உக்காருங்க மேடம். ஒரு ரவுண்டு ஓட்டுங்க. நான் பக்கத்துல வர்றேன்."

இருவரும் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். கார் நின்றதும் இன்ஸ்பெக்டர் கேட்டார். "மூணு இடத்துல திரும்புனீங்க மேடம். ஒரு தடவையாவது கழுத்தைத் திருப்புனீங்களா? கண்ணை மட்டும்தான் உருட்டுறீங்க. அதையே இவங்களும் செய்றாங்க. தோளுக்குப் பின்னால ஒரு சைக்கிள் வந்தா எப்படித் தெரியும்?"

மெதுவாக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டில் பக்கத்து ஸ்கிரீனைப் பார்க்கக் கழுத்து வேண்டியதில்லை. கண்ணை நகர்த்தினால் போதும். அந்தப் பழக்கம் அவருக்கே தெரியாமல் ரோட்டுக்கு வந்து, அவரைப் பார்த்து எங்களுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. காதுவரை சிவந்துபோனார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். அவருக்குப் பல் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"எனக்கும் இப்படி ஆச்சு மேடம்" என்றார் தாழ்ந்த குரலில். "போன வருஷம் எங்க வீட்டு கேட்டை இடிச்சேன்."

அடுத்த சில வகுப்புகளில் எங்களுக்கு ஓட்டும் வேலையே கிடையாது. நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்து, இடது தோள், வலது தோள் என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தோம். தெருவில் போனவர்கள் யாருக்கோ தலையாட்டுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். மறு டெஸ்டில் மூவரும் தேறினோம். நர்ஸ் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வீட்டிலும் மாற்றம் வந்தது. தையல்காரர் சாக்குக்கட்டியால் மேஜையில் கோடு போட்டு, பக்கத்து ஸ்கிரீன் இரண்டையும் கதவு மாதிரி உள்பக்கம் மடக்கி, நாற்காலியை அவற்றுக்கு நடுவே தள்ளிவைத்தார். இனிக் கழுத்தைத் திருப்பாமல் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. ஞாயிறு ரேஸ் தொடர்ந்தது. சில வாரம் இவர் ஜெயித்தார், சில வாரம் அவர். இருவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வெளியே போய், வேறு யாரோ ஜெயித்ததும் உண்டு. மைதானத்தில் பார்க்கும்போது பழையபடி வணக்கம் மட்டும்.

இதில் ஒருவர் மட்டும் யார் கண்ணிலும் படாமல் இருந்தார். ஒரு நாள் கார் பழக வர வேண்டியவர் வராததால் மெதுவாக்கா முன்பகலிலேயே வீடு திரும்பினார். தையல் மெஷின் ஓடவில்லை. மேஜையில் பாதி வெட்டிய துணி கிடந்தது. மகளின் அறையிலிருந்து ஒரு என்ஜின் சத்தம் வந்தது. மிகவும் மெல்ல, மாட்டு வண்டி போகிற நிதானத்தில்.

எட்டிப் பார்த்தார். கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத மனிதர். ரேஸ் பாதையில் அவர் கார் தன்னந்தனியாக ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது, அதுவும் எதிர்த் திசையில்.

"என்னங்க பண்றீங்க?"

கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார் புல்லில் ஏறி நின்றது. "ரேஸ் எல்லாம் விடலைம்மா. சும்மா சுத்திப் பாக்கிறேன்." பிறகு தைரியம் வந்து, வலப்பக்கத்து ஸ்கிரீனைக் காட்டினார். "இங்க பாரு, கடல். ஒரு படகுகூட நிக்குது. நீ போற வேகத்துல பாத்திருக்கவே மாட்ட."

மெதுவாக்கா குனிந்து பார்த்தார். கடல்தான், தூரத்தில் ஒரு பாலமும் தெரிந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடத்தைக் கடந்தும் அங்கே கடல் இருப்பது அவருக்குத் தெரியாது.

"அந்தப் பாலத்துக்கு அப்புறம் என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"தெரியலையே. நேத்துதான் பாலம் வரைக்கும் வந்தேன்."

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். "டைலர் இருக்காரா? சட்டை ரெடியா?"

கணவர் பதறி எழப்போனார். மெதுவாக்கா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அவர் வெளியூர் போயிருக்கார். சாயங்காலம் வாங்க!"